நட்சத்திரம் யாருக்கு என்பதை எங்களிடமே விடுங்கள்

நாங்கள் அணி அணியாக மோதும் ஆன்லைன் விளையாட்டை வடிவமைத்து நடத்தும் குழுவினருக்கு,

இந்த சீசனோடு, டீம்மேட்டுக்குப் பாராட்டு போடும் பட்டனை எடுத்துவிட்டீர்கள். முன்பெல்லாம் ஆட்டம் முடிந்ததும் நாங்கள் ஒருவரைத் தேர்ந்தெடுப்போம். இப்போது உங்கள் கணக்கீடு தேர்ந்தெடுக்கிறது. அந்த ஆளின் பெயருக்கு மேல் தங்க நட்சத்திரம் வந்து உட்காருகிறது. கூடவே ரேங்க் புள்ளியும் காயினும் அதிகமாகக் கிடைக்கின்றன. தோற்ற அணிக்கு நட்சத்திரமே இல்லை. யாருக்கும் பாரபட்சம் இல்லாத முறை என்று அப்டேட் குறிப்பில் எழுதியிருந்தீர்கள். இந்த முடிவைத் திரும்பப் பெறச் சொல்லித்தான் எழுதுகிறேன்.

நான் பெரும்பாலும் சப்போர்ட், அதாவது அணியினரைக் குணப்படுத்தும் ஹீலர் வேடம், ஆடுபவன். ஹீலருக்கு நட்சத்திரம் வரவில்லை என்ற புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். எனக்கு அது வந்தும் இருக்கிறது, தகுதி இல்லாத ஆட்டங்களில்கூட. அப்படி வந்தபோதுதான் கோளாறு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

உங்கள் கணக்கு எதைப் பார்க்கவில்லை என்பதற்கு ஒரே ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஐந்துக்கு ஐந்து, கடைசிப் பாயிண்டை (எதிரணி கைப்பற்ற வரும் இடத்தை) காக்கும் வேலை எங்களுடையது. எங்கள் டேங்க், அதாவது முன்னால் நின்று அடி தாங்கும் வேடம், ஆடியவர் மைக் போடாத, முன்பின் தெரியாத ரேண்டம் ஆள். பாயிண்டுக்குள் வரும் குறுகலான வழியில் கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரணி ஒவ்வொரு முறை திரண்டு வரும்போதும் அவர் ஓரடி முன்னே போவார். அவர்கள் பதறிப்போய், மெல்ல மெல்ல நிரம்பும் பெரிய சக்தியான அல்டிமேட்டை அவர் மேலேயே கொட்டுவார்கள். அவர் செத்துப்போவார். ஆனால் அதற்குள் எதிரணியின் கையிருப்பு காலி. மேலே மாடத்தில் நின்ற எங்கள் ஸ்னைப்பருக்கு அப்புறம் என்ன தொல்லை? யாரும் அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக நிதானமாகச் சுட்டுத் தள்ளினார். டேங்க் மறுபடி பிறந்து, ஓடிவந்து, அதே இடத்தில் நின்றார். கடைசிச் சுற்றில் கேடயம் உடைந்த பிறகும் நகராமல் நின்று, எனக்கு இரண்டு விநாடி வாங்கிக்கொடுத்தார். அந்த இரண்டு விநாடியில்தான் விழுந்து கிடந்த இருவரை என்னால் எழுப்ப முடிந்தது. ஜெயித்தோம்.

ஸ்கோர்போர்டு வந்தது. பத்துப் பேரில் அதிகம் செத்தவர் அவர்தான். எதிரியைக் கொன்ற கில் ஏறக்குறைய இல்லை, எதிரிக்குக் கொடுத்த அடியான டேமேஜ் பட்டியலிலும் கடைசி. நட்சத்திரம் ஸ்னைப்பருக்குப் போனது. ஸ்னைப்பரே சாட்டில், “இது டேங்க்குக்குப் போக வேண்டியது, எப்படிக் கொடுக்கிறது?” என்று கேட்டார். கொடுக்க வழியில்லை. எங்கள் அணியிலேயே இன்னொருவர், செத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு, டேங்க்கை நூப், ஆடத் தெரியாதவர் என்று ஏசிவிட்டுப் போனார். டேங்க் ஒன்றும் சொல்லாமல் லாபியை விட்டு வெளியேறினார்.

பரிசு வாங்கியவரே இது எனக்கானது அல்ல என்று சொன்ன ஆட்டம் அது. நானும் ஸ்னைப்பரும் அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருந்தோம், எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் சர்வருக்கும் ஒவ்வொரு குண்டும் தெரியும். அந்த ஆள் ஏன் அங்கே நின்றார் என்பது மட்டும் தெரியாது.

கணக்கைச் சரிசெய்தால் போதாதா என்று கேட்பீர்கள். கேடயம் தாங்கிய அடியையும் சேர்த்துக்கொள்கிறோம், பாயிண்டில் நின்ற நேரத்தையும் சேர்த்துக்கொள்கிறோம் என்பீர்கள். செய்யுங்கள், நல்லதுதான். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டில் எதிரி நடமாட்டத்தைக் கண்காணிக்க வார்டு வைப்பதற்கும் எதிரி வைத்ததை அழிப்பதற்கும் விஷன் ஸ்கோர் என்று தனியாக ஓர் எண்ணே வந்தது. சப்போர்ட் ஆடுபவர்களின் பாதி வேலை அதன் பிறகாவது பட்டியலில் ஏறியது. டீம் ஃபோர்ட்ரஸ் 2 வெளிவந்தது 2007இல். அதிலேயே மெடிக் குணப்படுத்தியதற்குப் புள்ளி உண்டு. எண்ணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த எண்ணுக்குப் பரிசு வைத்தாலும் அந்த எண்ணை ஊதிப் பெருக்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள்.

டேமேஜையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணி டேங்க்கின் பெரிய உடம்பைத் தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டே இருந்தால் டேமேஜ் எண் மளமளவென்று ஏறும். ஆனால் அவர் சாகமாட்டார். பின்னால் நிற்கும் ஹீலர் அத்தனையையும் நிரப்பிவிடுவார். ஓவர்வாட்ச் மாதிரி, குணப்படுத்தக் குணப்படுத்த அல்டிமேட் நிரம்பும் விளையாட்டுகளில் இது எதிரி ஹீலருக்கு நாமே செய்யும் உபகாரம். பட்டியலில் முதலிடம் வாங்கிக்கொண்டே சொந்த அணியைத் தோற்கடிக்க முடியும் என்பதுதான் இதற்கு அர்த்தம். ஹீலிங் எண்ணும் லேசுப்பட்டதல்ல. அடி வாங்கிக்கொண்டே இருக்கும் டேங்க் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றால் எண் எகிறும். பின்வரிசையில் தனியாக மாட்டிக்கொண்டவரைக் காப்பாற்ற ஓடினால் எண் குறையும். எனக்கு நட்சத்திரம் வந்த ஆட்டங்களில் சில முதல் வகை. அணியை உண்மையாகவே தாங்கிய ஆட்டங்களில் பலவற்றில் என் பெயர் பட்டியலின் நடுவில் கிடந்தது.

எண்ணவே முடியாதவையும் இருக்கின்றன. எதிரி வரும் வழியை ஒரு வார்த்தை பேசாமல் பிங் என்ற அடையாளம் போட்டே ஆட்டம் முழுக்கக் காட்டிக்கொண்டிருப்பவர். தனக்குப் பிடித்த ஹீரோ அணிக்குப் பொருந்தவில்லை என்று பார்த்ததும் மூச்சுவிடாமல் மாற்றிக்கொள்பவர். மூன்று பேர் செத்துக்கிடக்கும்போது தனியாகப் போய்ச் சாகாமல், எல்லோரும் சேரும்வரை பின்வாங்கி நிற்பவர். அந்த அரை நிமிடத்தில் அவர் செய்ததாக எந்தப் பதிவிலும் ஒன்றும் இருக்காது. இவர்களோடு இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் ரவுண்டு தோற்றதும் இருவர் சண்டை போட ஆரம்பிக்கும்போது, “சரி விடுங்க, அடுத்த ரவுண்டு பார்த்துக்கலாம்” என்று ஒரு வரி போடுபவர். அந்த ஒரு வரிக்கு அப்புறம் ஆட்டம் திரும்பியதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன புள்ளி கொடுப்பீர்கள்?

இந்த மாற்றம் வந்த பிறகு ஆட்டம் எப்படி ஆகியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஹீரோ தேர்வுத் திரையில் சப்போர்ட் எடுக்க ஆள் கிடைப்பதில்லை. டேமேஜ் ஹீரோவுக்கு மட்டும் அடிதடி. சிறு குழுவாக ஆடும் ஸ்குவாட் முறையில் டீம்மேட் அடிபட்டு விழுந்து, நாக் ஆகிக் காலடியில் தவழ்ந்துகொண்டிருப்பார். பக்கத்தில் நிற்பவர் அவரை எழுப்பாமல், ஓடுகிற எதிரியைத் துரத்திக்கொண்டு போவார். துரத்தினால் ஒரு கில், எழுப்பினால் உங்கள் கணக்கில் ஒன்றுமில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் பாயிண்டை முடிக்காமல், எதிரி மறுபடி பிறந்து வரும் வாசலில் காத்திருந்து கில் சேர்ப்பவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். இவர்களை எல்லாம் சுயநலக்காரர்கள் என்று திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் எதற்குப் பரிசு என்று நீங்கள் அறிவித்தீர்களோ அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

பழைய முறையை எடுத்ததற்கு நீங்கள் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. நண்பர்கள் சேர்ந்து வந்து ஒருவருக்கொருவர் பாராட்டைப் பரிமாறிக்கொண்டார்கள். பலர் யாருக்கும் போடாமலேயே அடுத்த ஆட்டத்துக்கு ஓடினார்கள். சாட்டில் “பாராட்டு போடுங்க, நானும் போடுறேன்” என்று கெஞ்சல் பெருகியது. ஒத்துக்கொள்கிறேன், அது எரிச்சலாகவே இருந்தது.

ஆனால் அந்தக் கெஞ்சல் எப்போது ஆரம்பித்தது? இத்தனை பாராட்டு சேர்த்தால் இவ்வளவு காயின், அதற்கு மேல் சேர்த்தால் ஒரு ஸ்கின் (ஹீரோவுக்குப் புதுத் தோற்றம்) என்று நீங்கள் விலை ஒட்டிய சீசனில்தான். அதற்கு முன்பு யாரும் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்டு என்ன கிடைக்கப்போகிறது? விலையை ஒட்டியது நீங்கள், பழி வாக்களித்தவர்கள் மேல். இப்போதைய நட்சத்திரத்திலும் அதே காயின் ஒட்டியிருக்கிறது; கெஞ்சலுக்குப் பதில் கில் திருட்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மற்றவர்கள் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு வழியும் தேடியிருக்கிறார்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஹானர் என்ற பாராட்டு முறை 2012இல் வந்தது. நட்பாகப் பழகியவர், உதவியவர், அணியோடு சேர்ந்து ஆடியவர் என்று டீம்மேட்களுக்கு மூன்று வகை, மதிக்கத்தக்க எதிரி என்று எதிரணிக்கு ஒன்று. 2017இல் அதைப் புதுப்பித்தபோது ஒரு நல்ல வேலை செய்தார்கள்: டீம்மேட்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் திரையை, ஸ்கோர் விவரம் வருவதற்கு முன்பே காட்டினார்கள். கில் எண்ணிக்கையைப் பார்த்து மனசு மாறுவதற்குள், ஆட்டத்தில் கண்ணால் கண்டதை வைத்தே வாக்கு விழும். எங்கள் டேங்க்குக்கு இது ஒன்று இருந்திருந்தாலே போதும்.

ஃபைனல் ஃபேண்டஸி 14இல் ஒரு குகைச் சண்டை முடிந்ததும் ஒரே ஒருவருக்குப் பாராட்டு போடலாம், ஆனால் ஒரே குழுவாகச் சேர்ந்து வந்தவர்களுக்குப் போட முடியாது. நண்பர்களின் பரிமாற்றம் அதோடு தீர்ந்தது. இதைச் செய்ய உங்களுக்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. யார் யாரோடு ஸ்குவாடாக வந்தார்கள் என்பது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

டோட்டா 2இல் பாராட்டின் வகைகளில் ஒன்று மன்னிக்கும் குணத்துக்கு, இன்னொன்று கற்றுத்தந்ததற்கு என்று இருந்தன. எந்தச் சர்வரும் தானாகக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயங்களா இவை? கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி நட்சத்திரத்தைக் கணினிதான் கொடுக்கிறது, ஆனால் அங்கே பாம் வைத்தவருக்கும் செயலிழக்கச் செய்தவருக்கும்கூட அது போகும். அதோடு, தலைமை தாங்கியவர், நட்பாக இருந்தவர், கற்றுத்தந்தவர் என்று ஆட்டக்காரர்கள் தரும் பாராட்டு தனியாக இருந்தது. கணினியின் கணக்கும் மனிதர்களின் பாராட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஒன்றுக்காக இன்னொன்றைக் கொல்ல வேண்டியதில்லை.

ஓவர்வாட்ச் 2016இல் வந்தபோது, ஆட்டம் முடிந்ததும் நான்கு அட்டைகள் வரும்: தாங்கிய அடி, குணப்படுத்தியது, பாயிண்டில் இருந்த நேரம் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாதனை. அவற்றைக் கணினி தேர்ந்தெடுக்கும், வாக்கு இரு அணியினரும் போடுவார்கள். எதிரணிக்காரர்கள் நம் ஹீலருக்கு வாக்குப் போடுவதைப் பார்ப்பதே தனி சந்தோஷம். 2022இல் ஓவர்வாட்ச் 2 வந்தபோது அந்த அட்டைகள் போய்விட்டன. டீம்மேட்டுக்கான பாராட்டில் 2018இல் இருந்த மூன்று வகைகளும் ஒன்றாகச் சுருங்கின. சுருக்குவது உங்களுக்கு மட்டும் வந்த ஆசை இல்லை, தெரிகிறது. ஆனாலும் அவர்கள்கூட பட்டனை முழுசாகப் பிடுங்கவில்லை.

தோற்ற அணியைப் பற்றி. நட்சத்திரம் ஜெயித்தவர்களுக்கு மட்டும் என்ற விதியை யார் எழுதினார்களோ, அவர்கள் தோற்கும் ஆட்டத்தைக் கடைசிவரை ஆடிப் பார்த்தவர்களாக இருக்க முடியாது. ஒருவர் ஏஎஃப்கே ஆகி, அதாவது ஆடுவதை நிறுத்திவிட்டு, வெளியேற, மீதி நான்கு பேர் ஐந்து பேரை எதிர்த்துக் கடைசி நிமிடம்வரை இழுத்துப்பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படிப்பட்ட ஆட்டங்களில்தான் யார் எப்படிப்பட்டவர் என்று தெரியும். ஜெயிக்கும்போது எல்லோரும் நல்லவர்கள். தோல்வி நிச்சயம் என்று தெரிந்த பிறகும் சரணடையும் வாக்கெடுப்பை நச்சரிக்காமல், யாரையும் ஏசாமல், தன் வேலையைச் செய்தவருக்கு ஒரு பாராட்டு போட முடியாமல் தோல்வித் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எரிச்சலைத்தான் தருகிறது. பழைய முறையில் நான் அதிகம் பாராட்டு போட்டது தோற்ற ஆட்டங்களில்தான்.

சரி, மனிதர்கள் மட்டும் சரியாகக் கணிக்கிறார்களா? எப்போதும் இல்லை. பளபளக்கும் ஸ்கின் போட்டவருக்கும், மைக்கில் கலகலப்பாகப் பேசியவருக்கும், கடைசிக் கில் எடுத்தவருக்கும் வாக்கு விழத்தான் செய்யும். யாருக்குக் கொடுப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. என்னோடு வழக்கமாக ஆடும் நண்பர், அணியைத் தனியாகச் சுமந்து கேரி செய்தவருக்கே போடுவார். உழைத்தவனுக்குத்தான் கூலி என்பது அவர் வாதம். நான் அப்படி இல்லை. கேரி செய்தவருக்கு ஸ்கோர்போர்டே புகழ் பாடிவிட்டது, என் ஒரு வாக்கும் எதற்கு? இந்த ஆளோடு அடுத்த ஆட்டமும் ஆட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். சுமாராக ஆடினாலும் சொன்னதைக் கேட்டு, கேட்டதைச் செய்த புது ஆளுக்கு நிறையத் தடவை போட்டிருக்கிறேன். பிரமாதமாக ஆடிக்கொண்டே அணி முழுவதையும் ஏசியவருக்கு ஒரு தடவைகூடப் போட்டதில்லை. நண்பர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆளுக்கு ஆள் அளவுகோல் மாறுவதால்தான் டேங்க்குக்கு ஒரு நாள், ஹீலருக்கு ஒரு நாள், வாயைத் திறக்காமல் பிங் போட்டவருக்கு ஒரு நாள் என்று பாராட்டு சுற்றி வந்தது. உங்களுடைய ஒரே அளவுகோலில் அது ஒரே வகை ஆட்களிடம் போய்த் தங்கிவிடுகிறது.

ஆகவே, அடுத்த சீசனுக்குள் நீங்கள் செய்ய வேண்டும் என்று கேட்பவை இவை.

முதலாவதாக, டீம்மேட்டுக்குப் பாராட்டு போடும் பட்டனைத் திருப்பிக் கொடுங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒருவருக்கு ஒரு வாக்கு போதும். சேர்ந்து வந்த ஸ்குவாட் ஆட்களுக்கு அது போகாதபடி அடைத்துவிடுங்கள். தோற்ற அணிக்கும் அதே உரிமை வேண்டும். முடிந்தால் எதிரணியில் ஒருவரைப் பாராட்டவும் வழி வையுங்கள்.

வாக்குத் திரையை ஸ்கோர்போர்டுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். யோசித்துப் போட நேரமும் கொடுங்கள். பழைய திரை பெயர்களைப் படிப்பதற்குள் மறைந்துவிடும், பலர் போடாமல் போனதற்கு அதுவும் காரணம். எதற்காகப் பாராட்டு என்று சொல்ல மூன்று நான்கு வகைகள் இருக்கட்டும். அணியை நிதானமாக வைத்திருந்தவர் என்பது அதில் கட்டாயம் ஒன்றாக இருக்க வேண்டும்.

பாராட்டிலிருந்தும் நட்சத்திரத்திலிருந்தும் காயின், ஸ்கின், ரேங்க் புள்ளி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இதில் மட்டும் பேரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். இது ஒன்று நடக்காவிட்டால் மேலே கேட்ட எதுவும் நிற்காது.

நட்சத்திரத்தை வைத்துக்கொள்வதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எந்த எண்ணுக்கு எவ்வளவு எடை என்பதை வெளியே சொல்லுங்கள்; டேங்க்கையும் ஹீலரையும் டேமேஜ் ஹீரோவோடு ஒரே தராசில் நிறுத்தாமல் அவரவர் வேலைக்குள் ஒப்பிடுங்கள்; விழுந்தவரை எழுப்பும் ரிவைவுக்கும் பாயிண்டில் நின்ற நேரத்துக்கும் மதிப்பு கொடுங்கள். யார் மீதாவது புகார் வந்து நீங்கள் விசாரிக்கும்போது இந்த நட்சத்திரத்தை அவருக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றும் உறுதி கொடுங்கள்.

கடைசியாக, இந்த மாற்றங்களைச் சோதனை சர்வரில் விடும்போது டேங்க், சப்போர்ட் ஆடுபவர்களைக் கேட்டுவிட்டு விடுங்கள். இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள், ஏன் என்று அடுத்த அப்டேட் குறிப்பிலேயே பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விளையாட்டில் சப்போர்ட் ஆடும் ஒருவன்